பொன்னி நாட்டின் கதைசொல்லி

கவிஞர்கள் கூடும் இடங்களில் கல்கியின் பெயர் எழுந்தால் ஒரு சிறு புன்னகை பரவுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன். நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களிலும் அதுவே நிகழ்ந்தது. கும்பகோணத்து ந. பிச்சமூர்த்தியையும் கு. ப. ராஜகோபாலனையும், சிதம்பரத்து மௌனியையும், தேவங்குடி தி. ஜானகிராமனையும் நாம் எத்தனையோ மாலைகள் பேசினோம். கல்கியைப் பேசியதில்லை. அவரை நாம் அனைவரும் படித்திருந்தோம். படித்ததைச் சொல்லிக்கொள்வதில்தான் கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சத்தின் கடனைத் தீர்க்கும் பொருட்டே அவருடைய வாழ்க்கையை இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், பழைய தஞ்சை மாவட்டத்தில், மணல்மேட்டுக்கு அருகில் உள்ள புத்தமங்கலத்தில் கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் அவ்வூரின் கர்ணம், தாயார் தையல்நாயகி. கர்ணத்தின் வீடு என்பது ஊரின் நிலமெல்லாம் ஏட்டில் உறங்கும் வீடு. எந்த வயலுக்கு எந்த மதகில் தண்ணீர், எந்த வாய்க்கால் எந்தக் குளத்தில் சென்று வடிகிறது, எந்தத் திடலுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அடங்கலிலும் சிட்டாவிலும் எழுதப்பட்டு அங்கே இருக்கும். பிற்காலத்தில் இவர் எழுதிய நாவல்களில் ஆறும் வாய்க்காலும் ஊர்ப்பெயர்களும் அவ்வளவு ஓசையோடு வருவதைக் காணும்போதெல்லாம், இவர் கர்ணத்தின் மகன் என்பது என் நினைவுக்கு வரும். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. படிப்பவனின் ஊகம் அவ்வளவே.

கற்பனைக் காதல் கதைகளுக்கு இம்மண் புதிதன்று. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர். அந்த நாவலின் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஓர் அந்நிய ராஜ்யத்தில் அரசாட்சியே செய்கிறாள். வீட்டின் நிலைப்படியைத் தாண்டுவதற்கே அனுமதி வேண்டியிருந்த காலத்துப் பெண், கதையில் சிம்மாசனம் ஏறினாள். அடுத்த தலைமுறையில் மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் துரைசாமி ஐயங்கார் வந்தார். மாறுவேடங்களும் கடத்தல்களும் கடைசியில் காதலர் கூடுதலும் நிறைந்த அவருடைய நாவல்களைத் தஞ்சை ஜில்லாவே ஒளித்து வைத்துப் படித்தது. ஒளித்து வைத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்றும், நாவல் படிக்கும் பையன் தேறமாட்டான் என்றும் பெரியவர்கள் நம்பிய காலம் அது. அந்தக் காலத்தில்தான் கிருஷ்ணமூர்த்தி மாயவரத்துப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் தேறவில்லை என்பதும் உண்மைதான். காரணம் நாவல் அன்று. 1921இல் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்த வேளையில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டார். மறு ஆண்டில் ஓராண்டுச் சிறை. 1923இல் திரு. வி. க.வின் நவசக்தியில் உதவியாசிரியரானார், அங்கே ஐந்தாண்டுகள். பிறகு திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு மதுவிலக்குப் பத்திரிகையான விமோசனத்தில் பணி; 1931இல் மீண்டும் சிறை. அதன்பின் வாசனின் ஆனந்த விகடன். இந்த ஆண்டுகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நம் பேச்சுக்கு வேண்டியது ஒன்றே: தப்பித்தலின் எழுத்தாளர் என்று நாம் முத்திரை குத்தும் இம்மனிதர், தம் வாழ்வில் எதிலிருந்தும் தப்பித்து ஓடியவர் அல்லர். 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தின் பொருட்டு நல்ல வேலையையும் விட்டு மூன்றாம் முறையாகச் சிறை புகுந்தார்.

விகடனில் எழுதிய கள்வனின் காதலியிலேயே அவருடைய மண் வந்துவிட்டது. அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்ட முத்தையன் ஒளிந்து திரிவது கொள்ளிடத்துப் படுகைக் காட்டில். நாணலும் மூங்கிலும் அடர்ந்த அந்தப் படுகை, புத்தமங்கலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம். அதுவே கதையில் திருடனுக்கும் காதலுக்கும் அடைக்கலமாயிற்று. அடுத்து வந்த தியாக பூமி 1938, 39இல் திரைப்படப் படங்களுடன் தொடராக வெளிவந்தது. புருஷனால் தள்ளிவைக்கப்பட்ட சாவித்திரி செல்வச் சீமாட்டியாகத் திரும்பி வருகிறாள். மீண்டும் உரிமை கோரும் அவனோடு வாழ மறுத்துவிடுகிறாள். நடக்கக்கூடியதா என்று கேட்டால், அன்றைய நெடுங்கரைகளில் நடக்கக்கூடியது அன்று. ஆனால் வாழாவெட்டி என்ற பெயரோடு பிறந்தகத்துச் சமையலறையில் நின்ற எத்தனை பேர் அந்த அத்தியாயங்களை இரண்டாம் முறை படித்திருப்பார்கள்! கே. சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்த படத்தை ஆங்கில அரசு தடை செய்தது. காரணம் தேசியம். சாவித்திரியின் மறுப்பைக் கண்டு உள்ளூர அஞ்சியவர்கள் வீட்டுக்கு வீடு வேறு இருந்திருப்பார்கள்.

1941 ஆகஸ்டில் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து கல்கி இதழைத் தொடங்கினார். முதலுக்கு உதவும் பொருட்டு எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக நடித்ததை எல்லோரும் அறிவர். இதழின் முதல் சரித்திரத் தொடர் பார்த்திபன் கனவு. அதில் ஓர் இடம் இருக்கிறது. பல்லவருக்குக் கப்பம் கட்டும் சிற்றரசனான சோழன் பார்த்திபன், சோழர் புகழ் மீளும் நாளைப் பற்றித் தான் கண்ட கனவுகளையெல்லாம் ஒரு மண்டபத்துச் சுவர்களில் தன் கையாலேயே சித்திரங்களாக எழுதி வைத்திருக்கிறான்; போருக்குப் போகுமுன் மகனை அழைத்துச் சென்று அவற்றைக் காட்டுகிறான். யுத்தமும் பஞ்சமும் அந்நிய ஆட்சியும் சூழ்ந்திருந்த 1941, 42இல் இதைப் படித்தவர்களுக்கு அந்த மண்டபம் எது என்று யாரும் விளக்க வேண்டியிருந்திராது. கல்கியின் நாவல்கள் என்ன செய்தன என்பதற்கு அவரே வரைந்துவிட்ட படம் இது என்பேன். மாற்ற முடியாத நிலையில் இருப்பவன், மாறிய உலகத்தை ஒரு சுவரிலாவது எழுதிப் பார்க்கிறான்.

இந்தக் கனவு காணும் பழக்கம் எழுதுகிறவரிடமே இருந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி. கே. சி. முதலிய நண்பர்களோடு அமர்ந்திருந்த ஒரு வேளையில், ஆயனரும் சிவகாமியும் மாமல்லரும் தம் கண்முன் வந்து போனதாக அவர் எழுதியிருக்கிறார். அவர்களைக் காகிதத்தில் இறக்கி வைக்கப் பல ஆண்டுகள் ஆயின. சிவகாமியின் சபதம் 1944இல் தொடங்கி 1946இல் முடிந்தது. ஆங்கில வழியாக ஸ்காட்டையும் டூமாவையும் ஊன்றிப் படித்தவர் என்பது அவருடைய நாவல்களின் கட்டுமானத்தில் தெரிகிறது. கையில் ஒரு கடிதம், ஏறிவரக் குதிரை, நாவில் துடுக்கு, பையில் காசின்மை என்ற கோலத்தில் பாரிஸுக்கு வரும் டூமாவின் காஸ்கன் இளைஞனும், ஆதித்த கரிகாலனின் ஓலைகளைச் சுமந்து தஞ்சைக்கு வரும் வந்தியத்தேவனும் ஒரே குலத்துப் பிள்ளைகள். பிறர் கதையில் தாம் பெற்ற இன்பத்தைத் தம் ஊர் மண்ணில் நட்டுப் பார்த்தார் என்று அதைக் கொள்ள வேண்டும். தழுவல் என்ற சொல்லை வைத்து அக்காலத்தில் அவருக்கும் புதுமைப்பித்தன் முதலியோருக்கும் நிகழ்ந்த சண்டையை இங்கே மீண்டும் கிளற விருப்பமில்லை. இரு பக்கமும் நியாயம் இருந்தது.

விடுதலை வந்தது, பிரிவினை வந்தது, காந்தியடிகள் கொல்லப்பட்டார். அந்தப் பேரிடியை அவர் அலை ஓசையாக எழுதினார். தம் எழுத்தில் நிலைக்கும் தகுதி எதற்காவது உண்டென்றால் அது அலை ஓசைக்கே என்பது அவர் எண்ணம். சாகித்திய அகாதெமியும் அவர் மறைந்தபின் 1956இல் அதற்கே பரிசளித்தது. வாசகர்கள் மட்டும் உடன்படவில்லை. சமகாலத்தின் ரத்தத்தை அவர் எழுதியபோது மதித்தார்கள். பத்தாம் நூற்றாண்டுக்கு அவர் திரும்பியபோது அவரோடு குடியேறினார்கள். 1950 அக்டோபர் 29இல் பொன்னியின் செல்வன் தொடங்கியது. பிரிவினையின் நெருப்பை எழுதி முடித்த கை, அடுத்த ஆண்டே வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு குதிரையை ஓடவிட்டதைப் பார்த்தால், இளைப்பாறுதல் எழுதியவருக்கும் வேண்டியிருந்தது போலும் என்று தோன்றுகிறது.

ஆடிப் பதினெட்டு. புதுவெள்ளம் நுரைத்துப் பாய்கிறது. பெண்கள் கரையில் சித்திரான்னங்களோடு அமர்ந்திருக்கிறார்கள். ஏரியின் மதகுகள் எழுபத்து நான்கிலும் தண்ணீர். நாவல் இப்படித் திறக்கிறது. இதை டெல்டாவின் வாசகர் எந்த நிலையில் படித்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை ராஜதானியில் மழை தொடர்ந்து பொய்த்த ஆண்டுகள் அவை. நெல் விளையும் சீமையிலேயே நெல்லுக்குக் கொள்முதல் கட்டுப்பாடு, நகரங்களில் ரேஷன். மேட்டூர் அணை 1934இல் வந்தபின் ஆடி வெள்ளமே அணையின் மதகைப் பார்த்து வருவதாகிவிட்டது. பண்ணையாளும் வாரக்குடியும் ஒரு பக்கமும் மிராசுதார் மறுபக்கமுமாகத் தஞ்சை ஜில்லா கொந்தளித்துக் கிடந்தது. தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1952 ஆகஸ்டில், ராஜாஜி அரசு குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் நாகைக் கரையில் பெரும் புயல் அடித்து, கீழத் தஞ்சையின் தென்னையும் கூரையும் வீழ்ந்தன. இத்தனைக்கும் நடுவில் வாரந்தோறும் இதழ் வந்தது. அதன் விற்பனை எழுபதாயிரம் பிரதிகளைக் கடந்தது. ஒரு பிரதியை ஒரு தெருவே படித்த காலத்தில் அந்த எண்ணை எத்தனையால் பெருக்குவது என்று தெரியவில்லை. எழுத்தறிந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பதும் இருந்தது.

இங்கே என் பெரியம்மாவைப் பற்றிச் சில வரிகள் எழுத அனுமதிக்க வேண்டும். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், இருபது வயதுக்குள் கணவரை இழந்து, தமையன் வீட்டில் அடுப்படியே உலகமாக வாழ்ந்தவர் அவர். ஐந்து பாகங்களையும் கல்கி இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்துப் பைண்டு செய்த தொகுதிகள் அவருடைய தகரப் பெட்டியில் இருந்தன. பகல் சாப்பாடு முடிந்து, பாத்திரம் துலக்கி, மாலைக் காப்பிக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன் அவருக்கென்று ஒரு மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் கூடத்துத் தூணில் சாய்ந்து அவர் படிப்பார். எத்தனையாவது முறை என்பதை அவரே எண்ணவில்லை. அவருக்குப் பிடித்தவள் குந்தவை அல்லள், வானதியும் அல்லள். கோடிக்கரையில் யாருக்கும் அடங்காமல் தனியே படகு செலுத்தும் பூங்குழலிதான். அவள் வரும் பக்கங்களின் ஓரங்கள் விரல் பட்டுக் கறுத்திருந்தன. கடலை அவர் அதுவரை கண்டதே இல்லை என்று எங்களுக்குப் பின்னரே தெரிந்தது. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு என்ன கொடுத்தது என்பதை விமரிசனத்தின் எந்தத் தராசில் வைப்பது? அவருடைய நிலையை அந்நூல் மாற்றவில்லை. அவர் சிதையாமல் இருந்தார், அவ்வளவே. நம்முடைய கவிதைகளில் எத்தனை, இப்படி ஒருவரை நாற்பது ஆண்டுகள் தாங்கியிருக்கின்றன என்று நான் கேட்டுக்கொண்டதுண்டு. விடை எனக்கு இனிப்பாக இல்லை.

எதிர்வாதம் வலுவானது, மறைப்பதற்கில்லை. ராஜராஜன் காலத்துப் பொற்கனவில் மிராசுதார் வீட்டுக் கூடம் மூழ்கிக் கிடந்தபோது, அந்த வீட்டு வயலில் நின்ற பண்ணையாளுக்குப் படிக்கவும் தெரியாது, கதையில் இடமும் கிடையாது. ஆபத்துதவிகளுக்கும் பழுவேட்டரையர்களுக்கும் பெயர் உண்டு; நெல் அறுத்தவனுக்குப் பெயர் இல்லை. காதலும் சதியும் அரண்மனைக்குள்ளேயே நடக்கின்றன. டெல்டாவின் அன்றைய கொதிப்பை இந்த நாவலில் தேடினால் கிடைக்காது. சுகமான பொய் என்று க. நா. சு. மரபினர் இதை ஒதுக்கியதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, அந்தப் பொய் எதன்மேல் நிற்கிறது என்பதில் அடங்கியது.

நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும், அன்பில், திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் கல்கியின் மேசையில் இருந்தன. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் முதலியோரைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் தமக்கையார் குந்தவைக்கு வல்லவரையர் வந்தியத்தேவர் கணவர் என்று பெரிய கோயிலில் காணப்படும் ஒரு குறிப்பு, அருள்மொழி தன் சிறிய தந்தைக்கு அரசை விட்டுக்கொடுத்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும் செய்தி: இம்மூன்றையும் முளைகளாக அடித்து, நடுவே நந்தினியையும் பூங்குழலியையும் ஆழ்வார்க்கடியானையும் தம் கற்பனையால் நெய்தார். ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைவரை போய் இடங்களைப் பார்த்தார். அதைவிட முக்கியம், கதையின் இடங்கள் படிப்பவர் நடந்து போகும் இடங்கள். முதல் அத்தியாயத்து ஏரி, அவர் பிறந்த ஊருக்கு ஒன்றிரண்டு காதத்தில், கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கிறது. குதிரை கடம்பூருக்கும், பிறகு கொள்ளிடத்தைத் தாண்டிக் குடந்தைக்கும் போகிறது. பட்டீசுவரத்தைச் சுற்றி ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர் என்று இன்றும் ஊர்கள் உள்ளன. சோழன் மாளிகை என்றே ஓர் ஊர். மாளிகைதான் இல்லை, வயலும் வாழைத் தோப்பும் இருக்கின்றன.

மற்றக் கற்பனைக் கதைகள் வாசகரை எங்கோ கொண்டு போய்விடும். புத்தகத்தை மூடியதும் திரும்பி வர வழி தெரியாமல் திகைப்பார். கல்கி கொண்டு போவது அடுத்த ஊருக்கு. என் பெரியம்மாவை அறுபது வயதுக்கு மேல் ஒரு முறை பழையாறைக்கு அழைத்துப் போனோம். பார்க்க ஒன்றுமில்லை என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அவர் சோமநாதர் கோயிலைச் சேவித்துவிட்டு வெளியே வந்து, நடவு முடிந்திருந்த ஒரு வயலைக் காட்டி, குந்தவையின் அரண்மனைத் தோட்டத்து ஓடை அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தீர்மானமாக விளக்கினார். யாரும் மறுக்கவில்லை.

1954 மே 16இல் தொடர் நின்றபோது வாசகர்கள் ஒப்பவில்லை. நந்தினி எங்கே போனாள், பூங்குழலி என்ன ஆனாள், வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா என்று கேள்விகள் குவிந்தன. அவற்றுக்கு விடை கூறும் முகமாகவே ஒரு முடிவுரையை அவர் எழுத வேண்டியதாயிற்று. வரலாறு அறிந்ததைச் சொன்னார். அறியாததை வாசகர் ஊகத்துக்கு விட்டார். நாவலின் கடைசிப் பகுதியை நினைவுகூர்பவர்களுக்குத் தெரியும், அது மகிழ்ச்சியான முடிவு அன்று. கிரீடம் உரியவன் தலையில் ஏறவில்லை. மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள். ஆறுதலுக்காகப் படித்தவர்களுக்கு அவர் இழப்பையே கொடுத்தார். அதையும் அவர்கள் ஆறுதலாகவே பெற்றுக்கொண்டார்கள். இந்த மர்மத்தை எனக்கு யாராவது விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஐம்பத்தைந்து வயதில், சென்னையில் கல்கி மறைந்தார். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்றதும், தமிழிசைக்காகக் கர்நாடகம் என்ற புனைபெயரில் வாதாடியதும் தனிக் கட்டுரைகளுக்கு உரியவை. நூற்றாண்டு நிறைந்த 1999இல் அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாயின. மலிவுப் பதிப்புகள் பேருந்து நிலையங்கள்வரை வந்தன. கல்கி இதழின் அச்சுப் பதிப்பு 2020இல் நின்றது. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் திரைப்படம் இரு பாகங்களாக வந்தபோது, புத்தகத்தைத் தொடாத இளைஞர்கள் வீராணத்துக்கும் பழையாறைக்கும் போய் வந்தார்கள்.

மறையும்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது அமர தாரா. பாதியில் நின்ற அத்தொடரை, அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி எழுதி முடித்தார். பெரியம்மாவின் தகரப் பெட்டியில் அதுவும் இருந்தது. பைண்டு செய்யாமல், வாழைநாரால் கட்டி.